மணல்கரைக்கு அனுப்பியவள்

அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர் வைத்தது சொந்த அண்ணன்தான். கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. தீவின் படகுத்துறையில் இறங்கி, சர்ஃபிங் பலகை எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும், “நேராப் போங்க, நீலக் கதவு போட்ட கொட்டகை. தராசு அக்கா இருப்பாங்க. அவங்க எந்தப் பக்கம் போகச் சொல்றாங்களோ அந்தப் பக்கம் போங்க” என்றுதான் பதில் வரும்.

கொட்டகைக்குள் ஒரு சுவர் முழுக்க மரச் சட்டங்களில் பலகைகள். எதிர்ப்பக்கம் கொடியில் தொங்கும் ஈர ரப்பர் சட்டைகள். நடுவில் அண்ணனின் மேசை. உடைந்த பலகைகளை ஒட்டுவதும் தேய்ப்பதும் அவன் வேலை. அதனால் அவன் புருவத்தில் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். ஆளைப் பார்த்து இடம் சொல்வது அவள் வேலை.

இடங்கள் மூன்று. கொட்டகைக்கு எதிரே வளைந்து கிடக்கும் மணல்கரை முதலாவது. அடியில் மணல், இடுப்பளவு தண்ணீர், நுரையாக உடைந்து வரும் சின்ன அலைகள். பலகையில் எழுந்து நிற்கவே தெரியாதவர்களுக்கு அது. மணல்கரையின் இடது கோடியில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முனை. அங்கே அலை ஒரே பக்கமாக, நீளமாக, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி வரும். நிற்கவும் திரும்பவும் தெரிந்தவர்களுக்கு அது. மூன்றாவது, முனையையும் தாண்டி வெளியே இருக்கும் பவளத்திட்டு. அங்கே படகில்தான் போக வேண்டும். ஆழத்திலிருந்து வரும் அலை, அந்தத் திட்டின் மேல் சட்டென்று ஏறி, சுருண்டு, மொத்தமாக விழும். விழுகிற இடத்தில் தண்ணீர் தொடையளவுகூட இருக்காது. கீழே இருப்பதெல்லாம் கூர்.

வருகிறவர்கள் வாயால் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. பத்து நாடு பார்த்தேன், பெரிய பெரிய அலையெல்லாம் ஏறினேன் என்பார்கள். அவள் பலகையைக் கையில் கொடுத்து, தண்ணீர்வரைக்கும் கூடவே நடப்பாள். புது ஆள் தன் பலகையையே பார்த்துக்கொண்டு நடப்பான். கொஞ்சம் தெரிந்தவன் அலையைப் பார்ப்பான். நன்றாகத் தெரிந்தவன், எந்த வழியாகத் திரும்பி வருவது என்று முதலில் கண்ணால் தேடுவான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “கடைசியா எப்ப பயந்தீங்க?” பயந்ததே இல்லை என்று சொன்னவர்களை மறுபேச்சில்லாமல் மணல்கரைக்கு அனுப்பிவிடுவாள். மனம் நோகாமல்தான் சொல்வாள். “இன்னிக்கு மணல்கரைதான் சார் அருமையா இருக்கு. மத்ததெல்லாம் வேஸ்ட்.”

அவளும் ஒரு காலத்தில் பவளத்திட்டில் அலை ஏறியவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காலை, அங்கே ஒரு அலை அவளைத் தூக்கித் திட்டின் மேல் அடித்தது. வலது தோள் கழன்றுவிட்டது. அந்த நேரம் படகில் இருந்தவன்தான் குனிந்து இடது கையைப் பிடித்து இழுத்து மேலே போட்டான். அவனையே கட்டிக்கொண்டாள். “அன்னிக்குப் பிடிச்ச கை, இன்னும் விடல பாருங்க” என்று கல்யாணத்தில் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான். தோள் சேர்ந்ததே தவிர, காதுக்கு மேல் கை எழும்பவில்லை. கொடியில் துணி போடுவதுகூட இடது கையால்தான். அதற்குப் பிறகு அவள் திட்டுப் பக்கம் போகவில்லை. மற்றவர்களை அனுப்பினாள். புருஷன் படகில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஒரே மகள். கொட்டகையிலேயே வளர்ந்தவள். மணல்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, புதிதாக வருகிறவர்களுக்குப் பலகையைப் பிடித்துத் தள்ளிவிடுவது அவள் வேலை. வேலை முடிந்ததும் முனைக்குப் போய்விடுவாள். முனையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

“திட்டுக்குப் போறேம்மா.”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

இந்தப் பேச்சு அந்த வீட்டில் சோறு வடிப்பது மாதிரி தினமும் நடந்தது. ஒருநாள் படகுக்காரப் புருஷன் அவளிடம் தனியாகக் கேட்டான்.

“இவ நம்ம பொண்ணா இல்லாம, வேற யாரோன்னு வெச்சுக்க. கடைக்கு வர்றா. பலகையைக் கொடுத்து நடக்க விட்டுப் பாக்குற. எங்க அனுப்புவ?”

அவள் யோசித்துப் பார்த்தாள். யாரைப் பார்த்தாலும் ஒரு பக்கம் சாயும் அவள் மனசு, மகளைப் பார்க்கும்போது மட்டும் ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. அது பயமா, உண்மையிலேயே மகளிடம் ஏதோ குறைகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாத இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவதுதான் அவள் வழக்கம்.

அந்த வருஷம் பருவக்காற்று வழக்கத்தைவிட மூர்க்கமாக அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு ஒரு காலை, மணல்கரையின் இடது கோடியில், முனைக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில் தராசு நின்றுகொண்டிருந்தாள். குதிகாலுக்குக் கீழே மணல் நழுவியது. மணல் நழுவுவது புதிதில்லை. அலை திரும்பும்போது எங்கேயும் நழுவும். இது பக்கவாட்டில், முனையை நோக்கி நழுவியது. அலை வராத நேரத்திலும் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முனையின் பாறையை ஒட்டி, கரையிலிருந்து வெளியே போகிற மாதிரி, தண்ணீர் ஒரு பட்டையாகக் கறுத்துத் தெரிந்தது. அந்தப் பட்டையில் மட்டும் அலை உடையவில்லை. பார்க்க அமைதியாக, அழகாகக்கூட இருந்தது.

கொட்டகைக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். “முனை ஓரமாப் பள்ளம் விழுந்திருக்கு. தண்ணி வெளிய இழுக்குதுண்ணே.”

“காத்து அடிச்சா மணல் போகும். அலை வந்தா மணல் திரும்பி வந்துரும். நீ பாக்காததா?” என்றான் அண்ணன், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அவள் பார்த்ததுதான். முன்பும் இப்படிப் பள்ளம் விழுந்து, தானாகத் தூர்ந்திருக்கிறது. அதனால் அவளும் அதை அத்தோடு விட்டாள். மகளிடம் மட்டும், அந்தப் பக்கம் யாரையும் விடாதே என்றாள். மகளும் விடவில்லை.

அப்போதுதான் பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். நடுவயதுக்காரர்கள். கடலில் இறங்குவது இருவருக்கும் அதுதான் முதல் தடவை. அவள் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“நேத்துதான் பயந்தேன் அக்கா, இங்க படகுல வரும்போது” என்றார் டாக்டர்.

“என் கையை அப்படி நசுக்கிட்டார். இத்தனைக்கும் இவரு நீச்சல் குளத்துல மீன் மாதிரி” என்று அவர் மனைவி சிரித்தாள்.

தராசுக்கு டாக்டரை உடனே பிடித்துவிட்டது. சொன்னதைக் கேட்கிற ஆள். பலகையில் எப்படிப் படுப்பது, பலகையோடு பிணைக்கும் கால் கயிற்றை எப்படிக் கட்டுவது, எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார். பல் பிடுங்க வருகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகத் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். மணல்கரைக்கு அனுப்பும்போது அவரிடம் அவள் இன்னொன்றும் சொன்னாள்: “களைப்பா இருந்தா மல்லுக்கட்டாதீங்க. அலை உடையாத இடமாப் பாத்து ஒதுங்கி நின்னுக்குங்க.” அந்தக் கரையில் அவள் எத்தனையோ பேரிடம் சொன்ன யோசனைதான் அது. மணல்கரையில் அலை உடையாத இடம் என்றால் அதுவரை முழங்கால் ஆழம், அவ்வளவுதான். அவர் தலையாட்டினார். அதையும் திரும்பச் சொல்லிக் காட்டினார்.

சில நாள் கழித்து, எங்கோ தூரத்தில் புயல் என்றும், மறுநாள் காலை பெரிய அலைகள் வரும் என்றும் செய்தி வந்தது. சாயங்காலம் வீட்டில் மகள் கால் வழுக்காமலிருக்கப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“நாளைக்குத் திட்டுல வர்ற மாதிரி அலை எப்பவாவதுதான் வரும். அப்பா போறாரு. நானும் போறேன்.”

“வேண்டாம்.”

“காரணம் சொல்லும்மா. நான் எங்க சரியில்ல? எந்திரிக்கிறது மெதுவா? மூச்சு பத்தலையா? ஏதாவது ஒண்ணு சொல்லு, நான் திருத்திக்கறேன்.”

“எனக்குச் சரியாப் படல.”

மகள் மெழுகைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. “நீ எனக்கு இடம் சொல்லலம்மா. உனக்குத்தான் சொல்லிக்கற.”

படகுக்காரன் சாப்பிட்டு எழுந்தான். காலையில் அவள் எழுந்தபோது மகளின் படுக்கை மடித்து வைத்திருந்தது. படகும் இல்லை.

அன்று கடல் சத்தமே வேறாக இருந்தது. காற்று துளிகூட இல்லை. காற்றில்லாத கடலில், யாரோ வரிசையில் நிறுத்தி அனுப்புகிற மாதிரி அலைகள் வந்துகொண்டிருந்தன. முனையில் அவை ஆளுயரத்துக்கு மேல் எழுந்து பாறையில் மோதின. மணல்கரையை முனை மறைத்துக் காத்தது. அங்கே வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய நுரை, அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் மட்டும் ஏறி ஏறி வந்து, காய்ந்த மணலையும் நனைத்துவிட்டு, போக வழி தேடுவது மாதிரி கரையோரமாக நகர்ந்தது.

கடைக்கு வந்தவர்களிடம் அவள் சொன்னாள்: “இன்னிக்கு முனை கிடையாது. எல்லாரும் மணல்கரைதான். நடுவுல மட்டும் நில்லுங்க. இடுப்புக்கு மேல போக வேண்டாம்.” டாக்டரும் மனைவியும் பெரிய மஞ்சள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீரில் நிற்க வேண்டிய மகள் இல்லை. அண்ணனைப் பார்த்தாள்.

“நான் பாத்துக்கறேன், நீ போ” என்றான் அவன். அவள் எங்கே போகத் தவிக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பைனாகுலரை எடுத்துக்கொண்டு முனையின் மேல் ஏறினாள். திட்டு அங்கிருந்துதான் தெரியும். படகு ஆழமான தண்ணீரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், பலகை மேல் உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கும் சில தலைகள். அதில் எது மகளுடையது என்று தேடினாள். ஒரு அலை வந்தது. ஒரு உருவம் திரும்பி, கைபோட்டுத் துழாவி, பலகை மேல் எழுந்தது. மகள்தான். அலை அவளுக்கு மேல் கூரை மாதிரி கவிந்தது. உருவம் மறைந்தது. அப்புறம் அலையின் மறுகோடியில் மகள் நின்றபடியே வெளியே வந்தாள்.

அவள் பைனாகுலரை இறக்கவே இல்லை. அடுத்த அலை, அதற்கடுத்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் நின்ற பாறைக்கு நேர் கீழே அந்தக் கறுத்த பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அலைச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

முதலில் கேட்டது கரையிலிருந்து வந்த ஒரு பெண் குரல். திரும்பிப் பார்த்தாள். டாக்டரின் மனைவி மணலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில், கால் கயிறு அறுந்த ஒரு மஞ்சள் பலகை கவிழ்ந்து கிடந்தது. அலை அதைக் கொண்டுவந்து போட்டிருந்தது.

டாக்டர் களைத்துப்போயிருக்கிறார். மல்லுக்கட்டவில்லை. நடுவில் நின்றவரை, தண்ணீர் அவருக்கே தெரியாமல் இடது பக்கம் நகர்த்திக்கொண்டு போயிருக்கிறது. அங்கே அலை உடையாத ஒரு இடம் தெரிந்திருக்கிறது. தராசு சொன்ன மாதிரியே அங்கே ஒதுங்கியிருக்கிறார். பாறை ஓரத்தில் மோதி வந்த ஒரு அலை பலகையைப் பறித்திருக்கிறது. அவளுடைய காலுக்குக் கீழேதான், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வெளியே போயிருக்கிறார். கூப்பிட்டும் இருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

பாறையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. டாக்டர் மனைவி கையிலிருந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். அண்ணன் கையில் தேய்ப்புத் தாளோடு கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். “உன் தோள்” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் அதற்குள் தண்ணீரில் இருந்தாள். நேராகப் பட்டைக்குள்ளேயே படுத்தாள். வேறெங்கே போனாலும் அவரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போன வேகத்தில், பாறைகள் பக்கத்தில் பின்னோக்கி ஓடின.

முனையைத் தாண்டியதும் அவரைப் பார்த்தாள். கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார். அழகாகத்தான் நீந்தினார், ஆனால் ஒவ்வொரு கை போடும்போதும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பலகையை அவர் நெஞ்சுக்குக் கீழே தள்ளினாள்.

“பேசாதீங்க. இதப் பிடிச்சுக்குங்க. நீந்தாதீங்க.”

அவர் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. இருமலோடு தண்ணீர் வந்தது. “ஒதுங்கித்தான் நின்னேன் அக்கா” என்றார்.

இழுப்பு விட்டுவிடும் என்று காத்திருந்தாள். முனைக்கு வெளியே எந்த இழுப்பும் தளர்ந்துவிடும். இது தளரவில்லை. திட்டுப் பக்கம் திரும்பியது. அலை விழும் சத்தம் தண்ணீர் வழியாகவே வயிற்றில் அதிர்ந்தது. திட்டுக்கும் முனைக்கும் நடுவே படகு போகிற ஆழமான வழி ஒன்று உண்டு. அங்கே போய்விட்டால் போதும். காலால் உதைத்து, இடது கையால் தண்ணீரைத் தள்ளினாள். வலது கையையும் ஒருமுறை போட்டாள். தோளுக்குள் எதுவோ கழன்றது. அதற்குமேல் அந்தக் கை அவளுடையதாக இல்லை.

திட்டில் உட்கார்ந்திருந்த மகள் மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டாள். அது மணல்கரையின் பலகை. அங்கே வரவே கூடாத பலகை. அப்பாவுக்குக் கை காட்டிவிட்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் அம்மாவைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. முதலில் வெளியே, வரப்போகும் அலை வரிசையைப் பார்த்தாள். பிறகு ஆழமான வழியைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“அப்பா இங்க கிட்ட வர முடியாது. படகு கவுந்துரும்” என்றாள் மகள். தன் கால் கயிற்றை அவிழ்த்து மஞ்சள் பலகையின் மூக்கில் கட்டினாள். “அம்மா, நீ காலை மட்டும் போடு. கையைத் தொடாத. நான் சொல்றப்ப நிறுத்து.”

நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அலை முழுசாக எழுந்து விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை. வெள்ளை அடங்கியதும் “இப்ப” என்றாள் மகள். இழுத்துக்கொண்டு போய் ஆழமான வழியில் சேர்த்தாள். படகுக்காரன் முதலில் டாக்டரைத் தூக்கினான், பிறகு தன் மனைவியை.

டாக்டர் பிழைத்துக்கொண்டார். நுரையீரலில் தண்ணீர் போய், ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். ஊருக்குக் கிளம்பும் நாளில், மனைவியோடு கொட்டகைக்கு வந்தார். தராசு வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி எழுந்து நின்றாள்.

“நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் அக்கா” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “நான் எங்க தப்புப் பண்ணேன்?”

“நீங்க தப்புப் பண்ணல சார்.”

“அப்ப யாரு?” என்று கேட்டாள் அவர் மனைவி.

அண்ணன் பலகை தேய்ப்பதை நிறுத்தினான்.

“பள்ளம் விழுந்தது எனக்குத் தெரியும். நான் சொன்ன யோசனையும் அன்னைக்கு ஒத்துவராதது” என்றாள் அவள். “நான் உங்களைப் பாத்திருக்கணும். என் பொண்ணப் பாத்துட்டிருந்தேன்.”

டாக்டரின் மனைவி அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவரை முன்னால் நடக்க விட்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு சில நாள் தராசு யாருக்கும் இடம் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் அண்ணனைக் கேளுங்கள் என்றாள். அண்ணன் வருகிறவர்கள் சொல்வதை நம்பி அனுப்பினான். ஒரு வாலிபன் முனையிலிருந்து முகமெல்லாம் கிழிந்து திரும்பினான். “இதுக்கு நான் பலகை மட்டும் தேச்சுட்டுப் போறேன்” என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். வேறு வழியில்லாமல் மறுபடி வந்து நின்றாள். மணல்கரையின் இடது கோடியில் சிவப்புக் கொடிகள் நட்டார்கள். காலையில் பார்த்தால் கொடிக்கம்புகள் சாய்ந்து கிடக்கும். அடியில் மணல் போயிருக்கும். தள்ளி நடுவார்கள். மறுநாள் அதுவும் சாயும். மணல் திரும்பி வரவில்லை.

மகள் இப்போது திட்டுக்குப் போக யாரிடமும் கேட்பதில்லை. அம்மாவும் முனை மேல் ஏறுவதில்லை. வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

தோள் கொஞ்சம் ஆறியபின், அலை சிறியதாக இருந்த ஒரு காலையில் அவளே மகளிடம் சொன்னாள். “அந்த இழுப்பு எங்க போய் விடுதுன்னு பாக்கணும். கூட வர்றியா?”

படகுக்காரன் வெளியே போய், டாக்டரைக் கண்டுபிடித்த இடத்தில் படகை நிறுத்திக்கொண்டான். தாயும் மகளும் ஆளுக்கொரு பலகையில் படுத்து, கொடிகளைத் தாண்டி, கறுத்த தண்ணீருக்குள் போனார்கள். கை போடவில்லை. தண்ணீரே அவர்களை எடுத்துக்கொண்டது. சின்ன அலை நாளிலும் பாறைகள் பக்கத்தில் வேகமாகப் பின்னால் போயின. முனை தாண்டியது. படகு நின்ற இடம் வந்தது, அதைக் கடந்தும் போனார்கள். படகுக்காரன் எழுந்து நின்று பார்த்தான்.

“இன்னும் இழுக்குதும்மா.”

“தெரியுது.”

“போன தடவை இந்த இடத்துல திட்டுப் பக்கம் திரும்புச்சு. இப்ப திரும்பல.”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். திட்டு வலது பக்கம் ஒதுங்கி நின்றது. முன்னால் வெறும் கடல். கீழே தண்ணீர் நீலத்திலிருந்து கருப்பாக மாறிக்கொண்டிருந்தது. கரையில் கொட்டகையின் நீலக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. யாரோ சிலர் பலகைகளோடு வெளியே நின்றிருந்தார்கள்.

“அப்பாவைக் கூப்பிடவா?” என்று கேட்டாள் மகள்.

“இரு. அதுவா விடட்டும்.”

பின்னால் படகு எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. இருவரும் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.